ஃபோல்டருக்கு ஒரு செட்டிங்

நாத்தனார் வாயைத் திறந்தாலே அண்ணியைக் குத்திக் காட்டத்தான்னு நினைப்பீங்க. போங்க, அந்தக் கதை வேற வீட்டுல. எங்க அண்ணிக்கு ஒரு அநியாயம் நடந்துச்சு. அதுக்கு அவங்க வட்டியும் முதலுமா திருப்பிக் கொடுத்தாங்க. அந்த ரூம்லயே நின்னு பார்த்தவ நான். இப்போ நினைச்சாலும் வயிறு குளிருது.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. லிஃப்ட் கதவைத் திறந்து மூடுற புரோகிராம் எழுதித் தர்ற இடம். அண்ணி புரோகிராம் எழுதுவாங்க. எனக்கு ஆபீஸ் நிர்வாகம், அதாவது சாவி, புரொஜெக்டர், டீ, எல்லார் மூஞ்சியையும் சகிச்சுக்கிறது.

ஒவ்வொரு வாடிக்கையாளர் கதவுக்கும் மோட்டார் வேற, சிப் வேற. அதனால ஒவ்வொருத்தர் ஃபோல்டர்லயும் அண்ணி ஒரு குட்டி செட்டிங் ஃபைல் வெச்சிருப்பாங்க. புரோகிராம் எழுதுற எடிட்டர்ல அந்த ஃபோல்டரைத் திறந்தாப் போதும், இந்தக் கதவுக்கு இப்படித்தான் பில்ட் பண்ணணும், அதாவது எழுதினதை ஓடுற புரோகிராமா ஆக்கணும்னு அதுவே எடுத்துக்கும். ஃபைல் இல்லைன்னா, அந்தக் கம்ப்யூட்டர்காரர் எல்லாத்துக்கும் பொதுவா வெச்சிருக்கிற செட்டிங் ஓடும். எனக்கே புரிஞ்சுடுச்சுன்னா பாருங்க.

டீம் லீடரா வந்தவனுக்குத்தான் புரியலை. எதுக்கெடுத்தாலும் "ஸ்டாண்டர்டா இருக்கணும்"பான். நாங்க வெச்ச பேரே ஸ்டாண்டர்டு. "இதென்ன ஃபோல்டருக்கு ஃபோல்டர் குப்பை?"ன்னு தன் மெஷின்ல இருந்த அந்த ஃபைலையெல்லாம் அழிச்சான். அண்ணி படிச்சுப் படிச்சு சொன்னாங்க, காதுலயே போட்டுக்கலை. அந்த ஃபைல்களை எங்க ஆளுங்க சர்வர்ல ஏத்துறதும் கிடையாது. எடிட்டர் சமாச்சாரம் அவங்கவங்க மெஷினோட இருக்கட்டும்னு ஒரு பழக்கம். அதனால அவன் அழிச்சதுக்குத் தடயமே இல்லாமப் போச்சு.

அவனோட பொது செட்டிங்ல, ஏதோ சோதனைக்காக, கை குறுக்க வந்தா மூடாம நிறுத்துற கதவு சென்சாரைக் கண்டுக்காதேன்னு ஒண்ணு போட்டு வெச்சிருந்தான். அவன் மெஷின்லேர்ந்து அதோடயே பில்ட் ஆகி வாடிக்கையாளர்கிட்ட போச்சு. அங்க இருந்த டெக்னீஷியன் விரல் மேல கதவு மூடிக்கிச்சு. எலும்பு தப்பிச்சது, நகம் போச்சு.

விசாரணையில ஸ்டாண்டர்டு கொஞ்சம்கூடக் கூசலை. "அவங்க ஃபோல்டர் செட்டிங்ல குளறுபடி சார்"னான். முதலாளி நம்பிட்டார். அவசரமா வேற ஒருத்தர் மெஷின்லேர்ந்து புது பில்ட் அனுப்பி வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தினாங்க. அண்ணியைத் தூக்கி, பிரிண்டர் பக்கத்துல உதவிக் குறிப்பு எழுத உட்கார வெச்சாங்க. கேன்டீன்ல அவங்க காதுபடவே "கையை நசுக்கினவங்க"ன்னு பேச்சு.

"வேலையைப் பறிச்சான், போகட்டும்டி," அண்ணி வீட்டுல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே சொன்னாங்க. "ஒரு மனுஷன் கையை நான் நசுக்கினேன்னு ஆக்கிட்டானே. அந்தப் பேரை அவன் வாயாலயே, எல்லார் முன்னாடியும் துடைக்க வைக்கிறேன் பாரு."

"நான் வேணா அவன் டீல ஏதாவது..."

"நீ சும்மா இரு."

கொஞ்ச நாள்ல அதே வாடிக்கையாளருக்குப் புது மாடல் வந்துச்சு. தங்களோட ஆளுங்களும் பில்ட் பண்ணிப் பார்க்கணும்னு கேட்டாங்க. அதுக்கான குறிப்பு எழுதுற வேலை யாருக்கு? அண்ணிக்குத்தான்! அவங்க எழுதின முதல் படி இது: பில்ட் பண்றதுக்கு முன்னாடி, ஒவ்வொரு செட்டிங்கும் எங்கிருந்து வருதுன்னு எடிட்டரைக் காட்டச் சொல்லிப் பாருங்க. ஸ்டாண்டர்டு படிக்காமலே ஓகே போட்டான். உதவிக் குறிப்பெல்லாம் எவன் படிப்பான்னு சிரிப்பு வேற.

எனக்குத்தான் ஒரு சந்தேகம். "அண்ணி, அவன் அதுக்குள்ள அந்த செட்டிங்கை எடுத்திருந்தா?"

"தப்பு தன் பக்கம்னு தோணினாத்தானே எடுப்பான்? சொன்ன பொய்யை அவனே நம்பிட்டான்."

டெமோ அன்னைக்கு மேஜை மேல சின்ன மாதிரிக் கதவு, சுவத்துல ஸ்டாண்டர்டோட திரை. முதலாளி, மொத்த டீம், நகம் போன அந்த டெக்னீஷியன் எல்லாரும் இருந்தாங்க. நான் புரொஜெக்டர் பக்கத்துல நின்னேன். அண்ணி கடைசி நாற்காலி.

ஸ்டாண்டர்டு பில்ட் பட்டனை அழுத்தப் போனான். டெக்னீஷியன் குறிப்பைப் பிரிச்சார். "முதல் படியை விட்டுட்டீங்களே?"

"அது சும்மா சம்பிரதாயம் சார்."

"பண்ணிடுங்க. எனக்கு விரல் பத்துதான் இருக்கு."

வேற வழியில்லாம, செட்டிங் எங்கிருந்து வருதுன்னு காட்டச் சொல்லி அழுத்தினான். சுவர் பூரா செட்டிங்கா வரிசையா விழுந்துச்சு. நடுவுல அந்த வரி: கதவு சென்சாரைக் கண்டுக்காதே. எங்கிருந்துன்னா, ஃபோல்டர்லேர்ந்து இல்லை. பொது செட்டிங்லேர்ந்து. பக்கத்துல அவன் பேர், போட்ட தேதியோட. விபத்துக்கு ரொம்ப முந்தின தேதி.

டெக்னீஷியன் திரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "அன்னைக்கு வந்ததும் இதுதானா?"

"அது... டீம்ல..." ஸ்டாண்டர்டு முதலாளி பக்கம் திரும்பினான்.

முதலாளி கேட்டார். "யார் செட்டிங்ப்பா அது?"

"என்னோடது சார்."

"சத்தமாச் சொல்லுங்க. கேன்டீன் ஆளுங்களுக்குக் கேட்கணும்," அண்ணி உட்கார்ந்த இடத்துலேர்ந்தே சொன்னாங்க.

சொன்னான். அழிச்சதையும் சேர்த்துச் சொன்னான். அடடா, என்ன ஒரு சுகம்! நான் புரொஜெக்டரை வேணும்னே அணைக்கலை.

எல்லாரும் கலைஞ்சப்புறம் அவன் பிரிண்டர் பக்கம் வந்து நின்னான். கண்ணு கலங்கியிருந்துச்சு. "இப்படி எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டீங்களே மேடம். என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே?"

அண்ணி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாங்க.

"என்னைப் பத்தி நீங்க தனியாவா சொன்னீங்க?"