வேரைப் பாத்துக்கோ

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெரு ஓர் ஓடைக்கரையில் போய் முடிகிறது. வெயில் காலத்தில் அதை ஓடை என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். நாணலும் பிளாஸ்டிக் பையும் நடுவில் ஒரு கோடு கறுப்புத் தண்ணீரும்தான் இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் அதன் போக்கே வேறு. சுற்றுப்பக்கம் பெய்த மழையெல்லாம் அதன் வழியாகத்தான் கெடிலம் ஆற்றில் போய்ச் சேர வேண்டும். போகிற போக்கில் எங்கள் கரையிலிருந்து ஒரு வாய் மண்ணையும் கடித்துக்கொண்டு போகும்.

அப்படிக் கடித்ததில் அகப்பட்டது தெருவின் கடைசி வீடு. அதில் இருப்பவள் ஒண்டிக்கட்டை, தையல் தொழில், எங்கள் எல்லோருக்கும் டெய்லரம்மா. முன்னறையில் மிஷின், மிஷின் தலைக்கு மேலே மாதா படம், பின்னால் சமையலறை. ஒரு கார்த்திகை மழையில் சமையலறைச் சுவருக்கு அடியில் இருந்த மண் போய், சுவரின் ஒரு மூலை அந்தரத்தில் நின்றது. விரிசல் ஜன்னல் வரைக்கும் ஏறியது. பயந்துபோய் கேஸ் அடுப்பை முன்னறைக்கு, மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எங்கள் தெருப் பெண்கள் போட்ட ஜாக்கெட்டுகளில் எல்லாம் கொஞ்சம் கடுகு தாளித்த வாசனை வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அவளுடைய அக்கா புவனகிரியில் இருக்கிறாள். மாடி போர்ஷன் காலியாகக் கிடக்கிறது, வந்துவிடு என்று வாரம் தவறாமல் போன் செய்தாள். டெய்லரம்மா என்னிடம் வந்து சொன்னாள்: "இன்னொரு மழை பாக்கறேங்க்கா. செவுரு நின்னா நானும் நிக்கிறேன். போச்சுன்னா மூட்டையக் கட்டிக்கினு புவனகிரிதான்."

எனக்கு அவள் போவது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் இந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தபோது, புதுப்பெண்ணைப் பார்க்க வந்த கூட்டத்தில் என் முகத்தைப் பார்க்காமல் ஜாக்கெட் கையைப் பார்த்து, "இதை எவன் தச்சான்? அவிழ்த்துக் குடு, சரி பண்ணித் தர்றேன்" என்றவள் அவள். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை. என் வீட்டுக்காரருக்கு கம்மாபுரம் பக்கம் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூட ஆபீசில் கணக்கு எழுதிவிட்டு வந்ததும் நான் போய் உட்கார்வது அந்த மிஷின் பக்கத்தில்தான்.

தெரு சார்பாக மனு கொடுத்தோம். அதிகாரிகள் வந்தார்கள், டேப் வைத்து அளந்தார்கள், தடுப்புச் சுவர் வரும் என்றார்கள். வரும் என்பது நல்ல வார்த்தைதான், ஆனால் அதற்கு நாள் நட்சத்திரம் கிடையாது. எங்கள் தெருவில் ரிட்டயர்டான பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். வேலையை விட்டாலும் விசிலை விடாதவர். தெருக்கூட்டம் என்றால் வாசலில் நின்று ஓர் ஊது ஊதுவார், எல்லோரும் வந்துவிடுவோம். அப்படி ஒரு கூட்டத்தில்தான் நான் சொன்னேன், சுவர் வருகிறபோது வரட்டும், அதுவரைக்கும் கரையில் வெட்டிவேர் நடலாம் என்று.

நான் வெட்டிவேர் ஊரில் பிறந்தவள். கடலூருக்குத் தெற்கே, கடலோர மணல் கிராமம். மேலே பார்த்தால் வெறும் கோரை மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், மணலைக்கூட விடாது. ஊரில் இருக்கும் என் தம்பியிடம் நாற்று கேட்டேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. வெட்டிவேர் எதற்கு என்று எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். தை மாதம் விசில் ஊதி, பெண்களும் ஆண்களுமாகக் குனிந்து நட்டோம். ஆடியில் இடுப்பளவு வந்துவிட்டது. டெய்லரம்மா தினமும் காலையில் பின்பக்கம் போய் அதைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் மிஷினில் உட்காருவாள்.

ஆவணியில் என் மகளுக்குச் சிதம்பரத்தில் பிரசவம். அவள் காட்டிய டாக்டர் அங்கே என்பதால் அவளை இங்கே அழைத்துவர முடியவில்லை, நான்தான் லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தம்பியை வரச் சொன்னேன். அவன் நல்லவன். ஆனால் கையும் காலும் சும்மா இருக்காது. உட்கார வைத்தால் நாற்காலியின் ஆணியைப் பிடுங்கி வேறு ஆணி அடிப்பான்.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது போன் செய்தான். "யக்கா, இங்க வேலை எதுவும் இல்லியே, என்னா செய்யட்டும்?" உள்ளே மகள் கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் ஓடவில்லை. "செடிக்குத் தண்ணி ஊத்து. பூனைக்குச் சோறு வை. ஓடைக்கரையில இருக்குற வேரைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

எங்கள் ஊரில் வேரு பாக்கறது என்று ஒரு வேலை உண்டு. ஒரு குத்துப் புல்லைத் தூரோடு கிளப்பி, வேர் நிறம் ஏறிவிட்டதா, முகர்ந்தால் மணம் தூக்குகிறதா என்று பார்ப்பார்கள். பதமாக இருந்தால் அதோடு நிறுத்த மாட்டார்கள், வயல் மொத்தத்தையும் எடுத்துவிடுவார்கள். செம்மண்டலத்தில் இத்தனை வருஷம் குடித்தனம் செய்ததில் பாத்துக்கோ என்றால் பத்திரமாக வைத்துக்கொள் என்று மட்டுமே எனக்கு ஆகிவிட்டது. தம்பி இன்னும் ஊரிலேயே இருக்கிறான். சொன்னது தமிழ்தான், கேட்டதும் தமிழ்தான்.

பேத்தியைக் கொஞ்சிவிட்டு, துணிமணி எடுத்துப் போக ஒருநாள் பஸ் ஏறி வந்தேன். தெருவில் திரும்பியதும் முதலில் மூக்குக்குத்தான் விஷயம் தெரிந்தது. தெரு முழுக்க வெட்டிவேர் மணம். கண்டக்டர் வாசலில் உட்கார்ந்து வேரில் பின்னிய விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். "உங்க தம்பி பலே ஆளும்மா! வீட்டுக்கு வீடு கட்டு கட்டாக் குடுத்துட்டாரு. தண்ணிப் பானையில போட்டிருக்கோம், குடிச்சுப் பாருங்க." தெரு வாட்ஸப் குரூப்பில் அறுவடைத் திருநாள் என்று போட்டோ வேறு போட்டிருக்கிறார். குழந்தை பிறந்த அமளியில் நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

பையை அவர் வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினேன். கரை சுத்தமாக, மொழுமொழுவென்று இருந்தது. தூரிலிருந்து நறுக்கிய சிறு நாற்றுகளை நூல் பிடித்த மாதிரி வரிசையாகத் திரும்ப நட்டிருந்தான். ஒவ்வொன்றும் விரல் உயரம். ஐப்பசிக்கு அதிக நாள் இல்லை.

டெய்லரம்மா சிரித்த முகமாக வெளியே வந்தாள். மாதா படத்துக்கு வெட்டிவேர் மாலை தொங்கியது. "மாதா பொறந்தநாளுக்கு மாலை கட்டிக் குடுத்தாருக்கா, தங்கமான புள்ள."

"எடுக்கறப்ப நீ ஏன்னு கேக்கலியா?"

"கேட்டேனே. வேரு முத்திப் போச்சு, எடுத்துட்டு நட்டா இன்னும் நல்லா வரும்னாரு. அவரு வெவசாயம் பண்றவரு. பேருலயே வெட்டுன்னு இருக்குது. வெட்டுறதுதான் மொறை போலன்னு நெனச்சேன்."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. அந்த நேரத்துக்குத் தம்பி மண்ணுக் கையோடு பல்லெல்லாம் தெரிய வந்தான். அவனுக்கு நடந்தது அபிஷேகம். மண்ணாந்தை, முட்டாள், அறிவிருக்கா என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவன் முழித்துக்கொண்டு நின்றான். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான்: "எடுக்காம வுடறதா? அப்பறம் எதுக்குக்கா நட்டே?"

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தரத்தில் நின்ற சுவர் மூலையைக் காட்டினேன். மழை, ஓடை, மண், சுவர், புவனகிரி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. "நான் கொத்தனாரு சரியாக் கட்டலன்னுல்ல நெனச்சேன்" என்றான், அவ்வளவுதான். டெய்லரம்மா என் தோளைத் தொட்டு, "வுடுக்கா, தெருவுல வச்சுப் பேசாத" என்றாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் போன் பேசுவது கேட்டது. "மாடிய யாருக்கும் வுட்றாத, நான் சொல்றேன்" என்று அக்காவிடம் சொன்னாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி சாப்பிடாமல் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். நானும் அவனைச் சாப்பிடச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு மினி லாரி தெருவுக்குள் வந்தது. பின்னால் ஈரச் சாக்கில் சுற்றிய மூட்டைகள், அவற்றுக்கு மேலே தம்பி. அவனுடைய சொந்த வயலில் முற்றி நின்ற வேர். வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போன வயல். தூர் தூராக, மண் கட்டியோடு பெயர்த்துக் கொண்டு வந்திருந்தான். "மண்ணை ஒதறாம வேரைத் தூக்குனது இதாங்க்கா மொத தடவ. எங்கூட வந்த ஆளுங்க எனக்குக் கிறுக்குப் புடிச்சிப் போச்சுன்னாங்க" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கண்டக்டர் விசில் ஊதினார். வெறும் தூரை வைத்தால் முதல் தண்ணியிலேயே பிடுங்கிக்கொண்டு போகும், மண் மூட்டை அடுக்கி நடுவில் நட வேண்டும் என்றான் தம்பி. வீட்டுக்கு வீடு அரிசிச் சாக்கு, சிமெண்டுச் சாக்கு எல்லாம் வந்தன. பாதி கிழிசல். டெய்லரம்மா அவற்றை வாங்கி மிஷினில் போட்டாள். ஊசி உடைந்தது. வேறு மாற்றினாள். அதுவும் உடைந்தது. தீபாவளி ஜாக்கெட்டுகளை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அந்த வாரம் முழுக்கச் சாக்குதான் தைத்தாள். மூட்டைக்கு மண் எங்கே என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஓடைக்குள்ளேயே மேடாக அடைத்துக் கிடந்தது. அதை அள்ளியதில் ஓடையும் ஆழமாயிற்று. உள்ளேயிருந்து வந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தபோது, இதில் பாதி நம் வீட்டுப் பைதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. படிக்கட்டு மாதிரி மூட்டைகளை அடுக்கி, மூங்கில் முளை அடித்து, இடையிடையே தூர்களைத் தம்பி தன் கையாலேயே நட்டான். வேறு யாரையும் தொட விடவில்லை.

மழை வந்தது. நான் சிதம்பரத்துக்கும் கடலூருக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். தம்பி போன் செய்தால் எடுத்தவுடன், "செவுரு நிக்குதா?" என்பான். பேத்தி எப்படி இருக்கிறாள் என்று அதற்கப்புறம்தான் கேட்பான். பெருமழை பெய்த ஒருநாள் அவனே வந்துவிட்டான். டெய்லரம்மா வீட்டுப் பின்னால் தெருவே குடை பிடித்துக்கொண்டு நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்திருந்தார், யாரை நிறுத்தச் சொல்லி ஊதுவது என்று அவருக்கே தெரியவில்லை. தண்ணீர் ஒவ்வோர் அடுக்காக ஏறியது. மூலையில் இரண்டு மூட்டை சரிந்தன. ஒரு தூர் பிய்ந்து தண்ணீரோடு போனது. தம்பி, "போவுதே, போவுதே" என்று பிள்ளையைத் தொலைத்தவன் மாதிரி கத்தினான். டெய்லரம்மா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, உருட்ட மறந்து நின்றாள். மற்றத் தூர்கள் படுத்து எழுந்தன, ஆனால் பிடியை விடவில்லை. சாயங்காலம் தண்ணீர் இறங்கியது. சுவர் நின்றது.

அந்த வருஷம் போய் அடுத்த வருஷ மழையும் போனது. தடுப்புச் சுவர் இன்னும் வரும் என்கிற நிலையில்தான் இருக்கிறது. தம்பி தை மாதமும் ஆடி மாதமும் வந்து, நடுவில் விட்டுப்போன இடங்களில் நாற்று செருகிவிட்டுப் போவான். அவன் வரும்போதெல்லாம் தெருப் பெண்கள் அவன் கையில் மண்வெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "மாமா, வேரு பாக்க வந்தீங்களா?" என்று கண்டக்டர் வீட்டு மருமகள்கூடக் கேலி செய்வாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே சிரிப்பான்.

போன மாதம் டெய்லரம்மா விரிசலுக்குச் சிமெண்டு பூசி, வெள்ளையடித்து, அடுப்பைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். முதல் சமையலுக்கு என்னையும் தம்பியையும் கூப்பிட்டாள். சங்கரா மீன் குழம்பு. தம்பி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்கதவைத் திறந்தவன் திரும்பி வரவே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்ற புல்லுக்கு முன்னால் குனிந்து தூரில் கை வைத்துக்கொண்டிருந்தான்.

"டேய்!" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலக்கா, சும்மா தொட்டுப் பாக்கறேன்" என்றான். எழுந்திருக்கவில்லை. "பொறந்ததுலேர்ந்து இதுங்கூடத்தான் கெடக்குறேன். ஒரு வருசத்துக்கு மேல இது நின்னு நான் பாத்ததே இல்ல. அதுக்குள்ள எடுத்துடுவோம். இனிமே இது என்னாவா ஆவும், எம்மாந்தூரம் போவும், எனக்குத் தெரியாதுக்கா."

டெய்லரம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கு மட்டும் தெரியுமா தம்பி? இருந்து பாப்போம். புவனகிரி மாடிய வாடகைக்கு வுட்டுடச் சொல்லிட்டேன்."