ஆளா, கல்லா

எனக்குப் பேச வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தேன். அங்கேயும் கேள்வி கேட்டால் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவேன். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். கருவைக் கலைப்பது தப்பு என்று நான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்ல வேண்டுமானால், நான் கலைத்ததிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது தங்கவயலில் மின்சாரம் வரவில்லை. எஞ்சின் எல்லாம் நீராவி. நாங்கள் இருந்தது சுரங்கத்துக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, ஒரே அறை. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மாமியார், பத்து மாதத்துப் பெண் குழந்தை. அந்தக் குழந்தையைப் பெற எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள். எப்படியோ பிழைத்தேன். குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி தலை முழுகாமல் போயிற்று.

மாமியாருக்கு என்மேல் பிரியம். அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்ட எண்ணத்தில் அவர் எதுவும் செய்யவில்லை.

"இன்னொரு தபா தாங்க மாட்ட பொண்ணே. இருக்கறத காப்பாத்திக்கலாம். கலைச்சிடலாம்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். பயம். செத்துப்போவேன் என்ற பயத்தைத் தவிர வேறு எதுவும் அப்போது எனக்குள் இல்லை.

பூதிகோட்டையில் ஒரு அம்மாள் வேர் கொடுப்பாள். மாமியார் என்னை அழைத்துக்கொண்டு நடந்தே போனார். காலையில் கிளம்பி வெயில் ஏறப் போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மாள் களத்தில் அவரைக்காய் உலர்த்திக்கொண்டிருந்தாள். எழுந்துகூட வரவில்லை.

"எத்தினி மாசம்?"

"மூணு நடக்குது" என்றார் மாமியார்.

"அசைஞ்சிதா?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"அப்ப ஒண்ணியும் இல்ல. வெறும் ரத்தம். இன்னும் ஆளாவல. மூணு நாளு காலைல வெறும் வயித்துல குடி. ஆம்பளைங்க காதுல போடாத."

இன்னும் ஆளாகவில்லை. அந்தச் சொல் எனக்கு ஒரு ஊன்றுகோல் மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பி நடந்தேன்.

மூன்று நாள் குடித்தேன். நாலாம் நாள் காலை, வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு, ஆயிற்று. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அழுகை வரவில்லை. தகரக் கூரையில் காக்கை நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினேன். மாமியார் மூலையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் சின்னச் சொம்பில் வெந்நீர். அவருடைய உள்ளங்கையில் அது இருந்தது. விரல் நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பிறகு மஞ்சள் வைத்தார். தன்னுடைய பழைய சேலையில் கிழித்த துண்டில் சுற்றினார். லைனுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து தலைக்குக் குளித்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். குடித்தேன். சூடாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு வேறு குழந்தை இல்லை. அதைத் தண்டனை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். பிள்ளை இல்லாத எத்தனையோ பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள்.

பல மாதம் நான் எதையும் யோசிக்கவில்லை. தண்ணீர் எடுத்தேன், களி கிண்டினேன், குழந்தையைக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டும்போது மட்டும் கை கொஞ்சம் நிற்கும். அப்புறம் நடக்கும்.

என் வீட்டுக்காரருக்கு ஷாப்ட் வாயில் மணி வேலை. ஷாப்ட் என்பது சுரங்கத்துக்குள் இறங்கும் நேர்க்குழி. கீழேயிருந்து கம்பியை இழுத்தால் மேலே மணி அடிக்கும். இரண்டு அடித்தால் கூண்டில் கல் வருகிறது, மூன்று அடித்தால் ஆள் வருகிறது. அதைக் கேட்டு இவர் எஞ்சின் கொட்டகைக்கு மறுமணி அடிக்க வேண்டும். எஞ்சின்காரருக்குக் குழியும் தெரியாது, கூண்டும் தெரியாது. மணிதான் அவருக்குக் கண். கல் என்றால் கூண்டு பறந்து வரும். ஆள் என்றால் மெதுவாக வரும்.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடித்து வந்தவர் முகம் கொடுக்காமல் சாப்பிட உட்கார்ந்தார். மாமியார் விடவில்லை.

"இன்னாடா, மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற?"

"துரை கத்துனான். கல்ல மெதுவா ஏத்திக்கினு இருந்தா எப்படின்னு."

"கல்லத்தான? அத்த ஏன் மெதுவா ஏத்துன?"

"கம்பி எங்கியோ சிக்கிக்கிச்சி. ரெண்டு கேட்டுச்சா மூணு கேட்டுச்சான்னு தெரியல. திருப்பிக் கேட்டேன், பதிலு இல்ல. மூணு அடிச்சி உட்டேன். ஆடி அசைஞ்சி மேல வந்து பாத்தா கல்லு. எஞ்சின்காரன் சிரிக்கறான், உம் மாமனாரு ஏறி வர்றாருன்னு நெனச்சியான்னு."

மாமியாரும் சிரித்தார். "எப்பவும் கல்லுதான அதிகமா வரும். ரெண்டுன்னே அடிக்க வேண்டிதுதான?"

"கல்லுன்னு மேல வந்தப்பாலதான தெரியும் எம்மா. இருட்டுல இன்னா வருதுன்னு நான் எப்படிச் சொல்றது? சந்தேகம்னா ஆளுதான். பத்து தபா கல்லா இருந்தாலும் பதினோராவது தபாவும் ஆளுதான். அப்படித்தான் அந்த வேலை."

சொல்லிவிட்டு இன்னொரு உருண்டை களி கேட்டார். நான் போட்டேன். எனக்குள் இத்தனை மாதமாக அசையாமல் கிடந்தது அன்றைக்கு அசைந்தது.

அந்த அம்மாள் ஆளாகவில்லை என்றாள். யாருக்குத் தெரியும்? அவளுக்கும் தெரியாது. அசையவில்லை என்பதால் ஆளில்லை என்றாள். அசைவது எனக்குத் தெரிந்தால்தான் அது இருக்கிறதா? நம் பேச்சிலேயே பாருங்கள். பெண் பெரியவளானால் ஆளாகிவிட்டாள் என்கிறோம். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் ஆளாக்கிவிட்டேன் என்கிறோம். இந்த ஆளாவது எங்கேயும் ஒரு நாளில் முடிவதாகத் தெரியவில்லை. இடுப்பில் இருக்கும் என் பெண்ணும் அந்தக் கணக்கில் ஆளாகாதவள்தான். அவளை யாராவது வெறும் ரத்தம் என்றால் நான் விடுவேனா?

கலைப்பது என்ற சொல்லையும் யோசித்தேன். மேகம் கலைகிறது, சந்தையில் கூட்டம் கலைகிறது. கலைந்த கூட்டம் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். இது எந்த வீட்டுக்கும் போகவில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். கோயிலிலும் சர்ச்சிலும் தெரிந்தவர்கள் மாதிரிப் பேசுகிறார்கள், எனக்கு அந்தப் பேச்சு எட்டாது. ஆனால் தெரியாது என்பதே எனக்குப் போதும். தெரியாதபோது கல் என்று வைத்துக்கொள்ள ஒருத்தருக்கும் உரிமை இல்லை. மாமியாருக்கும் தெரியவில்லை. வாய் கலைச்சிடலாம் என்றது. கை குளிப்பாட்டியது. ரத்தத்தை யாரும் குளிப்பாட்டுவதில்லை.

என்னைக் கேட்கலாம், பெற்றிருந்தால் நீ செத்திருப்பாயே, அந்தப் பெண் குழந்தை தாயில்லாமல் போயிருக்குமே என்று. இருக்கலாம். இதற்கு முழுசாக என்னிடம் பதில் இல்லை. பயப்பட்டது தப்பு என்று எந்தப் பெண்ணையும் நான் சொல்ல மாட்டேன். பயம் என்னுடையது, போனது அது. இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

இதெல்லாம் என் மனசோடு போயிருக்கும். ஒரு வருஷம் கழித்து நாத்தனார் வந்தாள்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் புருஷன் சுரங்கத்தில் பாறை சரிந்து விழுந்து செத்துப்போனான். கல்யாணமாகி மூன்று வருஷம்கூட முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அப்போது அவளுக்கும் மூன்று மாதம். எங்களில் தாலி அறுத்தவள் மறுபடி ஒருத்தனோடு சேர்ந்து வாழலாம், அதில் தடை இல்லை. தங்கவயலிலேயே பாலகாட் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கட்டும் ஒருவன் அவளைக் கேட்டு வந்தான். நல்ல ஆள், குடிக்க மாட்டான். ஒன்றே ஒன்று சொன்னான். செத்தவன் பிள்ளை வேண்டாம்.

மூன்றாம் நாள் மாமியார் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு முழங்கால் வீங்கியிருந்தது.

"பூதிகோட்டைக்கு நீ போயிட்டு வா. வீடு தெரியும் இல்ல?"

நாத்தனார் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் போவல அத்தே."

அந்த வீட்டில் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மாமியாருக்குச் சரியாகக் கேட்டதோ என்னவோ.

"இன்னா?"

"போவல அத்தே."

"உனக்குன்னா குடிப்ப. எம் பொண்ணுக்குன்னா கால் நோவுதா?"

அது நியாயமான கேள்வி. நாத்தனாரும் அதையே கேட்டாள். "நீ குடிச்சிட்டு நல்லாத்தான கீற அண்ணி? இடுப்புல ஒண்ண வெச்சிக்கினு, புருஷனுக்கு சோறு போட்டுக்கினு. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு நியாயம் சொல்ற?"

நான் நியாயம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தெரிந்தால் மணியைப் பற்றிச் சொல்லியிருப்பேன். வாயில் வந்தது வேறு.

"அன்னிக்கி நீங்க அத்த குளிப்பாட்டினீங்க அத்தே. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"குளிப்பாட்டினியா எம்மா?" என்று நாத்தனார் கேட்டாள்.

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

"நான் இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுவேன்?" நாத்தனார் என்னிடம் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டாள்.

"நான் பாத்துக்கறேன். பகல்ல எங்கிட்ட உட்டுட்டுப் போ."

வேறு என்ன சொல்வேன்? அது இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. இருக்க வேண்டும் என்று சொன்னவள் அதைத் தூக்கிச் சுமக்கவும் வேண்டும். தூக்க வராதவர்கள் பேசாமல் இருந்துவிடலாம்.

நாத்தனார் வேர் குடிக்கவில்லை. என் பேச்சுக்காகவா, அவள் புருஷன் நினைவுக்காகவா, பயத்துக்காகவா, எனக்குத் தெரியாது. பாலகாட்காரன் ஒரு மாதம் பார்த்தான். பிறகு உரிகத்துப் பக்கம் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான். அவளை நன்றாகத்தான் வைத்திருந்தான். அதுவும் நாத்தனார் காதுக்கு வந்துகொண்டே இருந்தது.

பெண் பிறந்தது. நாத்தனார் கல் பொறுக்கும் வேலைக்குப் போனாள். விடிந்ததும் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போடுவாள். சாயங்காலம் கையில் கல் தூசியோடு வந்து வாங்கிக்கொள்வாள். என்னிடம் பேச மாட்டாள். ஒரே அறையில் இருந்தோம், இரண்டு வருஷம் ஒரு வார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மாமியாரைத்தான் கேட்பாள். என்மேல் அவளுக்கு இருந்த கோபம் நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன். அவள் வாழ்க்கை ஒரு பக்கம் திரும்பப் பார்த்தது. நான் குறுக்கே நின்றேன்.

அந்தக் குழந்தை அப்படியொன்றும் அதிசயமான குழந்தை இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்போதும் மூக்கு ஒழுகும். பிடிவாதம். என் பெண்ணைக் கடித்து வைக்கும். சிலர் சொல்வார்கள், கலைக்காமல் விட்டது பிறகு பெரிய ஆளாயிற்று, வீட்டைத் தாங்கிற்று என்று. அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்காது. வீட்டைத் தாங்காவிட்டால் அது இருந்திருக்கக் கூடாதா? அதனால் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அப்போதெல்லாம் சந்தோஷம் வருகிறதா இல்லையா என்று பார்க்க நேரம் இல்லை. அது இருந்தது. அவ்வளவுதான். இருந்ததை யாரும் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் அது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தது. இரண்டு அடி போட்டாள். அப்போதும் திறக்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"வேணும்னு சொன்னது நீதான அண்ணி. நீயே ஊட்டு."

இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் குழந்தையை மடியில் இழுத்து உட்காரவைத்து ஊட்டினேன். பாதி சாப்பிட்டது. மீதியைத் துப்பியது.