பதின்மூன்று பல், இருபது பல்

சுவிஸில், லா ஷோ-து-ஃபோன் நகரில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் பெட்டி மடித்தேன். பாகங்களைப் பூட்டும் மேசைக்குப் போக வேண்டுமென்றால், பயிற்சி முடிவில் சொந்தமாக ஒரு பொறி செய்து காட்ட வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் ஓய்வு வயதுவரை பெட்டிதான். போதாததற்குப் பரீட்சை வைக்கிறவர் முதல் நாளே, "பெட்டி வேலை நன்றாகத்தானே போகிறது?" என்று கேட்டுவிட்டார். இந்த மனிதரின் கையெழுத்தை வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

மற்றவர்கள் வளர்பிறை, தேய்பிறை காட்டும் பொறியைத் தேர்ந்தார்கள். நான் மாயர்களின் புனித நாட்காட்டியை எடுத்தேன். அதை எனக்குச் சொன்னவள் பக்கத்தில் பெட்டி மடித்த குவாத்தமாலாக்காரி. அவளுடைய ஊரில் இன்றைக்கும் சடங்குகளுக்கு நாள் பார்ப்பது அதில்தானாம். ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்கள். முதலை, காற்று என்று இருபது நாட்பெயர்கள். இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று முடிய இருநூற்று அறுபது நாள்.

நான் பதின்மூன்று பல் சக்கரம் ஒரு சுற்று முடிந்ததும், விரல்போல் நீண்ட ஒரு தகடு இருபது பல் சக்கரத்தை ஒரு பல் தள்ளும்படி செய்தேன். முதலையில் பதின்மூன்று நாள், அப்புறம் காற்றில் பதின்மூன்று நாள், நம் மாதங்களைப் போல. கூட்டினால் இருநூற்று அறுபது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது அவளிடம் காட்டினேன். இரண்டு தரம் கைப்பிடியைச் சுற்றிவிட்டு, "இது எங்கள் நாட்காட்டி இல்லை" என்றாள். "இன்றைக்கு ஒன்று முதலை என்றால் நாளைக்கு இரண்டு காற்று. எண்ணும் மாறும், பெயரும் மாறும். பதினாலாம் நாள் எண் மறுபடி ஒன்றாகும். பெயர் அதற்குள் சிறுத்தைக்குப் போயிருக்கும்."

வீட்டுக்கு வந்து சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்ததும் என்மேலேயே எரிச்சல் வந்தது. செவ்வாய், சதுர்த்தி. மறுநாள் புதன், பஞ்சமி. ஏழு கிழமையும் முடியட்டும் என்று திதி காத்திருக்கிறதா? இரண்டும் தன் தன் பாட்டில் போகின்றன. திதி பார்த்து விரதம் பிடிக்கிற எனக்கே இது உறைக்கவில்லை.

"இஞ்சரும், பேசாமல் நிலாவையே செய்யுமன். மூண்டு நாளில என்னெண்டு முடிப்பீர்?" என்றார் கணவர்.

"முடிப்பன். நீங்கள் சமையுங்கோ" என்றேன்.

மூன்று நாளும் வேலை விட்ட கையோடு பயிற்சிப் பட்டறையில் குந்தினேன். தள்ளுகிற விரலைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒற்றைப் பல் வைத்த ஒரு சின்னச் சக்கரத்தைக் கைப்பிடியோடு பூட்டினேன். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் இரண்டும் ஒவ்வொரு பல் நகரும்.

பரீட்சகர் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். "இடையில் ஒரே சோடி இரண்டு தரம் வராது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

பதின்மூன்றையும் இருபதையும் மீதியில்லாமல் வகுக்க ஒன்றைத் தவிர வேறு எண் இல்லை என்று விளக்கியிருக்கலாம். அது அவருக்குத் தெரியாததா? நான் ஒன்றையும் முதலையையும் நேருக்கு நேர் வைத்துக் கைப்பிடியைப் பிடித்தேன். இருபதாவது சுற்றில் முதலை திரும்பி வந்தது. ஆனால் அதனோடு வந்த எண் எட்டு. நாற்பதாவது சுற்றில் அவர், "போதும், புரிந்தது" என்றார்.

"இல்லை ஐயா, முடியவில்லை" என்றேன்.

நூறு தாண்டியதும் தோள் வலித்தது. நூற்றைம்பதில் அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தமிழில் எண்ணிக்கொண்டே சுற்றினேன். ஒரு பல்லும் தடக்கவில்லை.

இருநூற்று அறுபதாவது சுற்றில் ஒன்றும் முதலையும் நேருக்கு நேர் வந்து நின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "திங்கட்கிழமை ஏழு மணிக்கு மேசையில் இருங்கள்" என்றார்.

நான் ஆறரைக்கே இருந்தேன்.