அடெலாரின் செல்லாத ஓட்டு

மாட்டுத் தொடையை எலும்பிலிருந்து பிரிக்கும்போது அடெலார் ஸான்கெட் பேசமாட்டான். மூட்டு எங்கே, நரம்பு எங்கே என்று கத்திக்கு முன்பே விரல்களுக்குத் தெரியும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே சந்தையில் அவனை முன்கோபி என்று சொல்லாதவர் இல்லை. அவன் கறியில் குறை சொன்னவரும் இல்லை. மாலையில் கடையைக் கழுவிவிட்டு, நகக்கண்ணில் ரத்தம் காய்ந்த அதே விரல்களோடு கணினியின் முன் உட்காருவான். கேரோ-கேரோ என்ற, யாரும் நிரலைத் திறந்து பார்க்கக்கூடிய கட்டற்ற கணினி இயங்குதளத்தின் நிறுவல் வட்டைப் பதினோரு ஆண்டுகளாக அவன்தான் செய்துவந்தான்.

கேரோ-கேரோ என்பது அந்தப் பக்கத்து ஆட்காட்டிப் பறவை. கூட்டுப் பக்கம் கால் வைத்தவனின் மண்டையில் வந்து இறங்கும். இறக்கை மடிப்பில் முள் வைத்திருக்கும். தளத்தை நடத்தும் முப்பது பேரும் ஒரே மனதாக ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அந்தப் பெயர்தான் என்று அடெலாரின் மனைவி நெய்வா சொல்வாள்.

அடெலாருக்குப் பத்தொன்பது வயதில் அவன் அப்பா கடைக்கு ஒரு மின்னணுத் தராசு வாங்கினார். மூன்றாவது மாதம் ஒருவன் வாங்கிப்போன விலா எலும்போடு திரும்பி வந்தான். வேறு கடையில் நிறுத்துப் பார்த்திருக்கிறான், நூறு கிராம் குறைந்தது. பலகையில் கிடந்த கத்தியை எடுத்து அப்பாவின் முன்கையை முழங்கைவரை கிழித்தான். கறியின் மேல் தெறித்த ரத்தத்தில் எது அப்பாவுடையது என்று தெரியவில்லை. பிறகு தராசு விற்றவன் வந்தான். உள்ளே இருக்கும் நிரலை யாரும் திறந்து பார்க்க முடியாது, அது கம்பெனி ரகசியம் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்பாவின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. திறக்க முடியாத எதையும் அடெலார் அன்றிலிருந்து நம்பவில்லை.

எவரும் படித்துப் பார்க்க முடியாத ஒரு வரி நிரல்கூட வட்டில் இருக்கக் கூடாது. இந்த விதியை எழுதியவன் அவன்தான். ஆனால் புதிதாக வரும் மடிக்கணினிகளின் வைஃபை சில்லு, அதைச் செய்தவன் தரும் மூடிய நிரலை ஊட்டினால்தான் கண் திறக்கும். ஃபர்ம்வேர் என்பார்கள். அடெலாரின் வட்டில் அது கிடையாது.

நெய்வாவின் தம்பி வில்மார் ரெஸ்டிங்கா பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியர். யாரோ தானமாகக் கொடுத்த நாற்பது மடிக்கணினிகள் அவன் வகுப்பில் இருந்தன.

"மாமா, நாப்பதும் செவுத்தப் பாத்து உக்காந்திருக்கு. உங்க வட்டப் போட்டா வைஃபை வரமாட்டேங்குது."

"கம்பி இழு."

"எங்க ஸ்கூல்ல கரண்டு கம்பியே பாதி திருட்டுப் போச்சு. நெட்டுக் கம்பி மட்டும் தொங்கிட்டிருக்குமா?"

வில்மார் தீர்மானம் கொண்டுவந்தான்: மூடிய ஃபர்ம்வேரையும் வட்டில் சேர்க்க வேண்டும். இரண்டு வாரம் மின்னஞ்சல் ஓட்டு. சமமாக விழுந்தால் பழைய விதியே நிற்கும். முதல் நாளே அடெலார் எதிர்த்து ஓட்டுப்போட்டு, குழுவுக்கு ஒரு வரியும் அனுப்பினான்: "விஷம் வேணும்னா கடையில வாங்கிக்கோ, என் கத்தியில தடவாத." பதிலுக்கு ஒருவர் அவனைக் கசாப்புக்கடைப் பாதிரியார் என்றார். இன்னொருவர் மூன்று பக்கம் வைதார். பத்து வருடம் ஒரே குடுவையில் மாத்தே என்ற கசப்புத் தேநீர் உறிஞ்சியவர்கள், ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானத் தகப்பனாக நின்றவர்கள்.

ஓட்டு முடிவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, தளக் குழுவின் சங்கக் கொட்டகையில் வழக்கம்போல இறைச்சி சுட்டார்கள். அடெலார் இறைச்சி குத்திய கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருந்தான். வில்மார் மாத்தே குடுவையோடும் அதற்கான வெந்நீர்ப் பிளாஸ்க்கோடும் பக்கத்தில் வந்து நின்றான்.

"நாப்பதும் ஓடுது மாமா. வியாழக்கிழமையிலிருந்து."

"எந்த வட்டுல?"

"உங்க வட்டுலதான். ஃபர்ம்வேர உள்ள சொருகினேன். முதல் திரையில உங்க பேரு அப்படியே இருக்கு."

அடெலார் கம்பியைத் திருப்புவதை நிறுத்தினான். கொழுப்பு சொட்டித் தணல் சீறியது.

"என் பேர எடு."

"எதுக்கு? வீட்ல தட்டுறீங்களே கீபோர்டு, அதுக்குள்ளயும் மூடின நிரல்தான் ஓடுது. அது தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். அது ஃபேக்டரியில ஏத்தினது. என் கையால நான் ஏத்தமாட்டேன்."

"கை." வில்மார் சிரித்தான். "உங்கப்பா மாதிரியே மடங்காத கை. அந்தாளு வெட்டினது உங்கப்பாவ. தராச இல்ல. தப்பான ஆளோட சண்ட போடுறதே உங்க குடும்ப வழக்கம் மாமா."

அடுத்து நடந்ததைப் பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். கம்பியின் மரப்பிடி வில்மாரின் வாயில் இறங்கியதும் முன்பற்கள் இரண்டு மண்ணில் விழுந்ததும் உறுதி. வில்மார் கொதிநீர்ப் பிளாஸ்க்கை அடெலாரின் மூக்கின்மேல் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம், கோழிக்கால் ஒடிக்கும் சத்தம்போல, அடுப்புக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. வெந்நீரில் அடெலாரின் இடக்கண் மூடிக்கொண்டது. இருவரும் சேர்ந்து தணலின்மேல் சாய்ந்தார்கள். கம்பி முனை அடெலாரின் வலது உள்ளங்கையைத் துளைத்துப் புறங்கை வழியே எட்டிப் பார்த்தது. வில்மாரின் சட்டை புகைந்தது. விலக்கப் போன ஒருவருக்கு விலா முறிந்தது. பக்கத்து வீட்டு நாய் ஒரு முழு விலாத்துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியதை யாரும் தடுக்கவில்லை. கடைசியில் நெய்வா வாளித் தண்ணீரை எடுத்து இருவர் தலையிலும் கொட்டினாள்.

"ஒருத்தன் என் புருஷன், ஒருத்தன் என் தம்பி," என்றாள். "ரெண்டு பேரும் செத்தா எனக்கு ஒரே செலவு. எந்திரிங்க."

ஞாயிறு காலை அடெலார் கணினியின் முன் உட்கார்ந்தான். வலக்கையில் பதினான்கு தையல். ஒரு கண்தான் திறந்திருந்தது. மாலை ஆறுக்கு ஓட்டு முடியும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் கணினியில் ஒரு சாவி. ஓட்டு அந்தச் சாவியால் கையொப்பமிட்டு வர வேண்டும். அந்தச் சாவி செல்ல, உறுப்பினர் இருவர் ஆளை நேரில் பார்த்து, அடையாள அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டு, சாவிக்குக் கைரேகை போன்ற நாற்பது எழுத்தை அவர் உரக்கப் படிக்கக் கேட்டு, உறுதிக் கையொப்பம் இட வேண்டும். அட்டையைப் பார்க்காமல் அண்ணன் தம்பிக்குக்கூடப் போடக்கூடாது என்று எழுதியதும் அடெலார்தான். வில்மாரின் சாவியில் இரண்டே கையொப்பம். ஒன்று அடெலாருடையது. அதை ரத்து செய்தால் வில்மாரின் சாவி செத்துவிடும், ஓட்டும் கூடவே.

ரத்து ஓலையைத் தயாரித்தான். அதைச் சேமித்த இடத்தில், அதே பெயர் வரிசையில், வேறொன்றும் இருந்தது. சாவி என்றாவது திருடுபோனால் இருக்கட்டும் என்று, தன் சாவியையே கொல்ல ஆறு வருடம் முன்பு எழுதிவைத்த ஓலை. கவனமானவர்கள் எல்லோரும் அதைத் தயாராக வைத்திருப்பார்கள். அடெலார் மிகவும் கவனமானவன். ஒரு கண்ணோடு, பழகாத இடக்கையால், ஒன்றைத் தேர்ந்து உலகத்துச் சாவிக்கிடங்குகளுக்கெல்லாம் அனுப்பினான். அங்கே போனது திரும்பி வராது.

ஆறு மணிக்குச் செயலாளர் ஸுல்மிராவின் கடிதம் வந்தது. ஆதரவு பதினைந்து. எதிர்ப்பு பதினான்கு. செல்லாதது ஒன்று: அடெலார் ஸான்கெட், சாவி உரிமையாளராலேயே ரத்து. அவர் முன்பு பிறருக்கு இட்ட உறுதிக் கையொப்பங்கள் மட்டும் விதிப்படி நிற்கும்.

நான்கு முறை படித்தான். பிறகு கீழே கடைக்குப் போய் எலும்பு வெட்டும் கத்தியை எடுத்து வந்தான். முதல் வெட்டில் திரை உடைந்தது. இரண்டாவது விசைப்பலகையைப் பிளந்து மேசையில் பதிந்தது. பிடுங்கி மறுபடி வெட்டினான். வலக்கைத் தையல் விட்டு மணிக்கட்டுவரை ரத்தம் வழிந்தது. நெய்வா வாசலில் நின்றாள்.

"ஆச்சா?"

"என் ஓட்ட நானே வெட்டிட்டேன்."

"மேசையையும்தான்," என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனாள்.

அடுத்த வட்டு பத்து நாளில் வெளியாக வேண்டும். ஓட்டில் வென்ற வில்மார்தான் அதைச் செய்திருந்தான், அது ஃபர்ம்வேரை யாரிடமும் கேட்காமல் சத்தமின்றி ஏற்றும். அதைத் தொட அடெலாருக்கு இப்போது உரிமை இல்லை. வேண்டுமென்றால் புதுச் சாவி வேண்டும். புதுச் சாவிக்கு இரண்டு கையொப்பம். ஸுல்மிரா அட்டையைப் பார்த்து, அவன் வீங்கிய மூக்கைப் பார்த்து, பெருமூச்சு விட்டு ஒன்று போட்டாள். ஊரில் இருந்த மற்றவர்கள் கொட்டகையில் இருந்தவர்கள். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. விலா முறிந்தவர் ஜன்னல் வழியாகவே, "போய்யா," என்றார்.

புதன்கிழமை மதியம் அடெலார் பள்ளிக்குப் போனான். வகுப்பில் யாரும் இல்லை. நாற்பது மடிக்கணினிகளிலும் வைஃபையின் சின்ன நீல விளக்கு எரிந்தது. வில்மாரின் மேலுதடு தைத்திருந்தது. அடெலார் புதுச் சாவியின் நாற்பது எழுத்து எழுதிய காகிதத்தை நீட்டினான். வில்மார் வாங்கவில்லை. எழுந்து வந்து முஷ்டியை மடக்கி அவன் வலத்தாடையில் ஒன்று விட்டான். அடெலார் கையைத் தூக்கவில்லை. மேசையின்மேல் விழுந்து, எழுந்து, வாயில் ஊறியதை விழுங்கினான்.

"அது ஒரு பல்லுக்கு," என்றான் வில்மார். பல் போன இடைவெளியில் காற்று வந்தது. "இன்னொண்ணு கடன். எதுக்கு வேணும் சாவி?"

"முதல் திரையில ஒரு கேள்வி வைக்கணும். 'இதுக்குள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கும் தெரியாது, ஏத்தவா?' அவ்வளவுதான். ஏத்துனு சொன்னா ஏறட்டும்."

"அவ்வளவுதானா?"

"தராசுல அப்படி எழுதியிருந்தா எங்கப்பா வாங்கியிருக்கமாட்டாரு."

வில்மார் காகிதத்தை வாங்கினான்.

"படிங்க."

அடெலார் தன்னிடமிருந்த இன்னொரு தாளிலிருந்து நாற்பது எழுத்தையும் படித்தான். அடியில் உதடு கிழிந்திருந்ததால் இரண்டு இடத்தில் நின்றான். வில்மார் ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தான். முடிந்ததும், "அட்டை," என்றான்.

அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, அதில் இருந்த முகத்தைப் பார்த்தான். எதிரே நின்றதைப் பார்த்தான். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கண் வீங்கி மூடி, தாடை இப்போதுதான் ஊதத் தொடங்கியிருந்தது.

"ஒத்துப்போகல மாமா."

"வில்மார்."

"அட்டையும் மொகமும் ஒத்துப்போகணும், இல்லேன்னா போடக்கூடாது. நீங்க எழுதின விதி." அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "வீக்கம் வடிஞ்சதும் வாங்க."

"இன்னும் ஒரு வாரத்துல வட்டு வெளிய போகுது. நீ அடிச்சதே வடிய ரெண்டு வாரம் ஆகும்."

வில்மார் உட்கார்ந்து, மடிக்கணினி ஒன்றைத் தன் பக்கம் இழுத்து, குழுவுக்கு ஒரு வரி தட்டினான். அடெலார் நின்ற இடத்திலிருந்தே, திறந்திருந்த கண்ணால் அதைப் படித்தான்: வட்டு இரண்டு வாரம் தள்ளிப்போகிறது, காரணம் உடல்நிலை.

"யார் உடல்நிலை?" என்றான் அடெலார்.

"அதையும் கேள்வியா வச்சுடுங்க," என்றான் வில்மார். "அக்காகிட்ட சொல்லுங்க, கொட்டகை மண்ணுல ஒரு பல்லு கிடைச்சுதாம். இன்னொண்ண அந்த நாய் தின்னுருக்கும்."