இல்லை என்று சொல்லும் வரி

கொல்லிமலை அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் ரவுட்டர் என் பொறுப்பில் இருந்தது. டேட்டா எந்த லைனில் போக வேண்டும் என்று சொல்லும் வழி அட்டவணைகள் அதில் இரண்டு: அலுவலகத்துக்கு ஒன்று, மக்கள் சான்றிதழ் எடுக்கும் அறைக்கு இன்னொன்று. இரண்டும் கலக்கக் கூடாது. ஆனால் அறையின் லைன் அறுந்தால் அதன் டேட்டா அலுவலக லைனில் புகுந்துவிடும். விதிகளை நாள் முழுக்கப் படித்தும் பிழை பிடிபடவில்லை. எரிச்சலோடு கிளம்பினேன்.

சோளக்காடு சந்தையில், திருப்புலி நாட்டுக்கு இனி பஸ் உண்டா என்று பழக்கடையில் கேட்டேன். மிளகுக் கடையில் கேட்கச் சொன்னார்கள். அங்கே டீக்கடையைக் காட்டினார்கள். டீ ஆற்றிய அம்மாதான், "இல்லீங்க, இனி காலையிலதாங்க" என்று முடித்துவைத்தார்.

சட்டென்று புரிந்தது. வழி தெரியாத அட்டவணை மறுக்காது. அடுத்த அட்டவணையிடம் அனுப்பிவிடும். மறுப்பதற்கென்று ஒரு வரி வேண்டும். அதை நான் எழுதவே இல்லை. அலுவலகத்துக்கே திரும்பி, அறையின் அட்டவணைக்கு அடியில் அந்த வரியைச் சேர்த்தேன்.

அடுத்த முறை லைன் அறுந்தபோது டேட்டா எங்கும் புகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. சாதிச் சான்றிதழுக்காக மலையேறி நடந்து வந்திருந்த விவசாயி கேட்டார்: "ஏனுங்க, போன தடவையும் லைன் அறுந்துதானுங்க கெடந்துச்சு. அன்னிக்கு மட்டும் சான்றிதழ் வந்துச்சுங்களே?"

"இன்னிக்கு வராதுங்க" என்றேன்.

அன்று அவருக்கு வழியாக இருந்தது என் பிழை.