பதினொரு மணிக் கதவு

அமீருன்னிசாவுக்கு நாற்பத்தொன்பது வயது. அதில் இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் போனது. மேஜையில் வந்து விழுகிற ஒவ்வொரு பீஸையும் உள்ளும் புறமும் புரட்டி, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று கண்ணாலேயே பிடித்து ஒதுக்க வேண்டும். கண்ணை நம்பிப் பிழைத்தவரைக் கடைசியில் கண்ணே காலை வாரிவிட்டது. கண்ணாடி போட்டும் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவில்லை என்றானதும் மரியாதையாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். எவ்வளவு மரியாதையாக அனுப்பினாலும் வீட்டில் சும்மாதானே உட்கார வேண்டும்? திருப்பூர் ராயபுரத்து வீட்டில் ஆறு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு கிடைத்தது இந்த நீச்சல் குளத்து வேலை.

மண்ணரை தாண்டி இருக்கும் கிளப் அது. குளம் பெரியது, நீலக் கல் பதித்தது. உடை மாற்றும் அறை மட்டும் ஒன்றே ஒன்று. பெண்களுக்குத் தனியாகக் கட்டுகிறோம் என்று அஸ்திவாரம் தோண்டி நான்கு வருடமாகிறது. அந்தக் குழியில் இப்போது தவளைகள் நீந்துகின்றன. ஆகவே காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அறை பெண்களுக்கு, பதினொன்றுக்கு மேல் ஆண்களுக்கு. அறைக்குச் சாவி ஒன்று. அது அமீருன்னிசாவின் இடுப்பில். இருபத்திரண்டு வருட வேலையில் யாரும் அவரை நம்பி ஒரு சாவியைக் கொடுத்ததில்லை.

அந்த அறையின் வழக்குகளை எழுதினால் கோர்ட்டில் தனி நீதிபதி போட வேண்டியிருக்கும். ஆண்கள் குழாயில் ஈர டவுசரைத் தொங்கவிட்டுப் போகிறார்கள் என்று பெண்கள் சண்டைக்கு வருவார்கள். சாக்கடை ஜல்லடையில் முடி, கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் பொட்டு என்று ஆண்கள் குதிப்பார்கள். பெண்களுக்குள்ளேயும் ஒற்றுமை என்று சொல்ல முடியாது. கதவு வைத்த ஒரே தடுப்புக்குள் போய் அரைமணி நேரம் குடியிருப்பவள் ஒருத்தி. தலை நிறைய எண்ணெயோடு குளத்தில் இறங்குபவள் ஒருத்தி. தன் ஈரத்துணியை அடுத்தவள் பையின் மேல் போடுபவள் இன்னொருத்தி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் அமீருன்னிசாதான். ஆனாலும் பதினொரு மணிக்குக் கதவைத் திறந்துவிடுமுன், செக்கிங் மேஜையைப் பார்ப்பதுபோல இடது மூலையிலிருந்து வலது மூலை வரை அறையைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். ஒரு ஹேர்பின் கிடக்காது.

வேலாத்தாள் அங்கே வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அறுபத்தோரு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். தண்ணீருக்குள் தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மகன் சிவராஜிடம் சொன்னபோது அவன் ஒரே பேச்சில் முடித்துவிட்டான். அவன் அந்தக் கிளப்பின் கமிட்டி மெம்பர். அங்கே போய்த் துணி மாற்றுவதெல்லாம் நம்ம வீட்டுப் பெண்களுக்குச் சரிப்படாது, பதினொரு மணிக்கு அந்தக் கதவு முன்னால் ஆம்பளைகள் எப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்றான். தெரியாமல் என்ன, அவனும் நிற்கிறவன்தானே.

முழங்கால் வலி கமிட்டி மெம்பருக்கா வருகிறது? வேலாத்தாள் அவிநாசி கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துக் குளத்துக்கு வரத் தொடங்கினார். முதல் நாள் அந்த நைலான் உடையைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றார். உடம்போடு ஒட்டுகிற துணி. பிறந்ததிலிருந்து பாவாடையும் சேலையும் தவிர வேறு உடுத்தியறியாதவர். அமீருன்னிசா அவர் பக்கத்தில் போய் நின்று சொன்னார்:

“ஒரு ஆம்பளக் கண்ணு உங்க மேல படாதுங்கம்மா. சாவி என்ற கையில இருக்குது.”

அந்த ஒரு வாக்கை நம்பித்தான் வேலாத்தாள் தண்ணீரில் இறங்கினார். இரண்டாவது வாரத்திலேயே படி ஏறும்போது கைப்பிடியை விட்டு ஏறினார். பார்த்துக்கொண்டிருந்த அமீருன்னிசாவுக்குத் தன் முழங்காலே சரியானதுபோல இருந்தது.

வேலாத்தாள் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை, அன்றைக்குச் சிவராஜ் வருவான். அந்த வாரம் வெள்ளியும் சனியும் குளத்தைச் சுத்தம் செய்ய மூடிவிட்டார்கள். மூன்று நாள் விட்டால் கால் மறுபடி கட்டிக்கொள்ளும் என்று பயந்து, பத்தரைக்குள் கிளம்பிவிடலாம் என்ற கணக்கில் அவர் ஞாயிறன்று வந்தார். வந்த இடத்தில் ஒரே கூட்டம். நாலு பேர் நடுவில் துணி மாற்றுவது வேலாத்தாளால் முடியாது, பெண்களே ஆனாலும் முடியாது. தண்ணீரில் நடந்துவிட்டு வந்தவர், நனையும் என்று பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, எல்லாரும் போகட்டும் என்று தடுப்புக்குள் ஷவரைத் திறந்துவிட்டு நின்றுகொண்டார்.

அன்றைக்கு யாரோ பெஞ்சு முழுக்கத் தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள். அமீருன்னிசா பைகளை எடுத்து அலமாரியில் வைத்தார். வெறுமனே வைக்க அவர் கைக்கு வராது. லாட் பிரிப்பதுபோல நிறம் நிறமாகப் பிரித்து, கைப்பிடி வெளியே தெரியும்படி வரிசையாக அடுக்கினார். பச்சைப் பை இரண்டு இருந்தது. சிவராஜின் கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்த பை அது. திருப்பூரில் பாதி வீடுகளில் காய் வாங்க அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பத்து நாற்பதுக்கு அனிதா என்கிற பெண், ஈர உடைக்கு மேலேயே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டி சாவியோடு வாசலில் நின்றாள். அவிநாசியில் ஒரு கல்யாணம், நேரமாகிவிட்டது, வீட்டில் போய் உடுத்திக்கொள்கிறேன், அந்தப் பச்சைப் பையை எடுத்துக் கொடுங்கள் என்றாள். அமீருன்னிசா கைக்கு முதலில் வந்த பையைக் கொடுத்தார். லாட் நம்பர் பார்க்காமல் பண்டலைக் கைமாற்றக் கூடாது என்பது செக்கிங்கில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். யானைக்கும் அடி சறுக்கும்.

பத்து ஐம்பதுக்கு வேலாத்தாள் தடுப்பிலிருந்து வெளியே வந்து மிச்சமிருந்த பையைத் திறந்தார். உள்ளே ஒரு ஜீன்ஸும், வேலாத்தாளின் ஒரு கைகூட நுழையாத டிசர்ட்டும் இருந்தன. அமீருன்னிசா பொய் சொல்லவில்லை.

“நான்தானுங்க மாத்திக் குடுத்துட்டேன்” என்றார்.

அனிதாவுக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஸ்கூட்டியில் போகிறவள் எப்படி எடுப்பாள்? வேலாத்தாளின் போனும் அந்தப் பைக்குள் போய்விட்டது. இருந்தது ஒரு சின்னத் துண்டு. அதைத் தோளில் போட்டால் கீழே தெரிந்தது, இடுப்பில் சுற்றினால் மேலே தெரிந்தது.

பதினொன்று அடித்ததும் கதவை யாரோ தட்டினார்கள்.

அமீருன்னிசா தாழ்ப்பாளைப் போட்டு, சாவியையும் திருப்பிவிட்டு, உள்ளிருந்தே சொன்னார். ஒரு அம்மாவின் துணிப்பை மாறிப்போய்விட்டது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். முதலில் சிரித்தார்கள். ஐந்து நிமிடம் போனதும் சிரிப்பு நின்றது. அப்புறம் தட்டியது உள்ளங்கை இல்லை, முஷ்டி.

“உள்ள எந்த மகாராணி இருக்குதுன்னு கேளுங்க ராசப்பண்ணா” என்றது ஒரு குரல்.

வேலாத்தாள் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அது அவர் பெற்ற குரல்.

மேனேஜர் ராசப்பன் கதவருகே வந்து, ஏம்மா இவங்க எல்லாம் மெம்பருங்க என்று கெஞ்சலும் மிரட்டலுமாகப் பேசினார். சிவராஜ் அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் சிக்கல். உதவி செய்ய வந்தான்.

“யாரு ஊட்டுப் பொம்பளைன்னு பேரைச் சொல்லும்மா. நானே போன் பண்ணி ஊட்ல இருந்து துணி கொண்டாரச் சொல்றேன்.”

அமீருன்னிசா வேலாத்தாளைப் பார்த்தார். வேலாத்தாள் தலையை அசைத்தார், வேண்டாம் என்று.

“பேரு தெரியலீங்க” என்றார் அமீருன்னிசா.

தெரியாதா, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாமலா உள்ளே விட்டீர்கள் என்று சிவராஜ் குரலை உயர்த்தினான். ராசப்பனைப் பார்த்து, ஆபீசுக்குப் போய் ரிஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னான். அப்படியே இன்னொன்றும் சொன்னான், உள்ளே கேட்கும்படி. இந்தம்மா நாளைக்கு வேலைக்கு வர வேண்டியதில்லை என்றான்.

ஆபீசுக்குப் போய்வர ஐந்து நிமிடம். ரிஜிஸ்டரில் கோணல் எழுத்தில் வேலாத்தாள் என்று இருக்கிறது. அந்த அறையில் ஒளிய இடமில்லை, பின்வாசல் இல்லை, ஜன்னல் கூரையை ஒட்டி இருக்கிறது. அமீருன்னிசாவின் கண் தன் பழக்கப்படி இடது மூலையிலிருந்து புறப்பட்டது. கொக்கி, பெஞ்சு, அலமாரி, வாளி, கண்ணாடி. வலது மூலையில் ஆணியில் வந்து நின்றது. அங்கே அவருடைய புர்கா தொங்கிக்கொண்டிருந்தது.

துப்பட்டியோ புர்காவோ இல்லாமல் அவர் அந்நிய ஆண்கள் முன்னால் நின்றதில்லை. கல்யாணமாகி முப்பது வருடத்தில் ஒருநாள்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் இல்லை. அதை ஆணியிலிருந்து எடுக்க ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தில், கோபம்கூட வந்தது அவருக்கு. யார்மீது என்று தெரியவில்லை, அனிதா மேலா, தன் கை மேலா, கதவைத் தட்டுகிறவர்கள் மேலா. எடுத்து வேலாத்தாளிடம் நீட்டினார்.

வேலாத்தாள் வாங்கவில்லை.

“நீ எப்புடி அம்மிணி வெளிய போவே?”

“என்ற மேல சேலை இருக்குதுங்கம்மா. போடுங்க.”

ஈர உடைக்கு மேலேயே போட்டுவிட்டார். முகத்திரையை இறக்கினார். கடைசியாக, கம்பெனியில் பேக்கிங்குக்குப் போகும் முன் பார்ப்பதுபோல, தலையிலிருந்து கால் வரை பார்த்தார். காலில் மெட்டி. விரல் வீங்கியிருந்ததில் கழற்ற வரவில்லை. நல்லவேளை, வேலாத்தாள் குட்டை. துணி தரையில் புரண்டு காலை மூடியது. அமீருன்னிசா தன் முந்தானையை இழுத்துத் தலையையும் தோளையும் மூடிக்கொண்டார். அப்படியும் உடம்பெல்லாம் காற்று படுவதுபோல இருந்தது.

நடைதான் பயம். அந்த விந்தி விந்தி நடக்கிற நடையை வீட்டில் தினமும் பார்க்கிறவன் வெளியே நிற்கிறான். என் தோளில் முழுப் பாரத்தையும் போடுங்கள், காலை ஊன்றாதீர்கள் என்று காதில் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

ஆண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். புர்காவைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோனது. பதினைந்து அடி தூரம். அமீருன்னிசா யாரையும் பார்க்கவில்லை, ஆனால் தன்னை யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு கண்ணாகத் தெரிந்தது. படிக்கு வந்தபோது வேலாத்தாளின் முழங்கால் மடங்கியது. சிவராஜ் ஓரெட்டு முன்னால் வந்தான்.

“படி வழுக்குதுங்க. பாத்து எறங்குங்க” என்றான், ரொம்ப மரியாதையாக.

அமீருன்னிசாவின் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. இரண்டு பேரும் இறங்கினார்கள். வாசலில் ஆட்டோ நின்றது.

ராசப்பன் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தபோது அறை திறந்திருந்தது. எல்லாரும் உள்ளே பாய்ந்துவிட்டார்கள். ரிஜிஸ்டரைப் பிரிக்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆனால் வேலைக்கு வர வேண்டாம் என்றது மட்டும் சிவராஜுக்கு ஞாபகமிருந்தது. இருபத்தைந்து நிமிடம் மெம்பர்களை நிற்க வைத்தது ஒன்று, பேர் தெரிந்திருந்தும் பொய் சொன்னது இன்னொன்று. இரண்டையும் சொல்லி ராசப்பனிடம் புகார் எழுதிக்கொடுத்தான். அமீருன்னிசா ஒரே ஒரு பேரைச் சொல்லியிருந்தால் அந்தக் காகிதம் அவன் கையிலேயே கிழிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ராயபுரம் வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் நடந்தார். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதார்.

திங்கட்கிழமை காலை, கணவர் கைருதீனின் பெரிய சால்வையைப் போர்த்திக்கொண்டு, சாவியை ஒப்படைக்கக் கிளப்புக்குப் போனார். ராசப்பன் அவர் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினார். அவர் பக்கத்தில் பச்சைப் பை இருந்தது. அனிதா ராத்திரியே கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அப்போது சிவராஜின் கார் உள்ளே வந்தது. கோயிலுக்குப் போக வேண்டும், நீயே கொண்டுபோய் விடு என்று அம்மா சொன்னதை நம்பி ஓட்டிவந்தவன், கிளப் வாசலில் வண்டியைத் திருப்பச் சொன்னதும் குழம்பிப்போயிருந்தான். வேலாத்தாள் கதவைத் திறந்து இறங்கினார். கையில் இஸ்திரி போட்ட புர்கா. நேரே வந்து அதை அமீருன்னிசாவின் கையில் வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

“நேத்து உள்ள இருந்தது நான்தான் கண்ணு. கதவ இடிச்சது நீ.”

சிவராஜ் புர்காவைப் பார்த்தான், அம்மாவின் முழங்காலைப் பார்த்தான். படியைப் பார்த்தான். அதற்குமேல் பார்க்க எதுவும் இல்லாததால் தரையைப் பார்த்தான்.

“கோயிலுக்குன்னு பொய் சொன்னது தப்புதான்” என்றார் வேலாத்தாள். “இந்த அம்மிணி சொன்ன பொய்க்கு நீ வேலையப் புடுங்கறதுன்னா, என்ற பொய்க்கு என்ன பண்றேன்னு சொல்லு.”

ராசப்பன் நீட்டிய கையை மெதுவாக மடக்கி, சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல வைத்துக்கொண்டார். அமீருன்னிசா சாவியை இடுப்பில் செருகினார். பச்சைப் பையை எடுத்து, உள்ளே சேலை இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்த பிறகே வேலாத்தாளிடம் கொடுத்தார்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு ஆண்கள் வழக்கம்போல வந்தார்கள். வந்தவர்களைச் சிவராஜ் கதவுக்கு முப்பதடி தள்ளி, அந்த அஸ்திவாரக் குழி பக்கமாகவே நிறுத்திவைத்தான். பதினொன்று பத்து ஆனது, பதினொன்று இருபது ஆனது. யாரும் தட்டவில்லை.

உள்ளே வேலாத்தாள் கண்ணாடி முன்னால் நின்று சேலைக் கொசுவத்தை எடுத்தார். சரியாக வரவில்லை என்று கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தார். அமீருன்னிசா அவசரப்படுத்தவில்லை.