நெற்றிக்காசு

அப்பா செத்த அன்று இரும்புப் பெட்டியின் சாவி கிடைக்கவில்லை. பெட்டி நிறைய வெள்ளி ரூபாய் இருந்தும், பிணத்தின் நெற்றியில் ஒட்ட யாரோ சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சில்லறைதான் வாய்த்தது. அம்மாவுக்கு அது ஆறவே இல்லை. பின்னால் பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு வெள்ளிக்காசைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அது தன் நெற்றிக்கு என்று என்னிடமும் அண்ணனிடமும் சொல்லிவிட்டாள்.

அவள் பொறுக்கியது வெள்ளைக்கார ராஜா தலை போட்ட காசு. அவர் அங்கியில் ஒரு யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரியும். ஜனங்கள் முகம் சுளிக்கவே அந்த அச்சைச் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பழங்காசு சேர்க்கும் என்னைப் போன்ற கிறுக்கர்கள் அதற்குப் பேயாய் அலைவோம். பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. விலை தெரிந்தால் அது அம்மா நெற்றிக்குப் போகாது.

அண்ணனுக்குச் சேலத்தில் கொலுசுப் பட்டறை. அவனுக்கு வெள்ளி என்றால் எடை, உருக்கினால் கட்டி, அவ்வளவுதான். பாகம் பிரிக்கிறதைப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டான்; அம்மாவும் வந்திருந்தாள். தராசில் இரண்டு பங்கும் ஒத்து வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம், பாவி. அம்மா முடிச்சில் இருப்பதும் அப்பன் சொத்துதானே, வெட்டியான் கைக்குப் போகவா அவர் சேர்த்தார் என்று ஆரம்பித்தான். அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். அவன் அவள் விரல்களைப் பிரித்து முடிச்சை அவிழ்த்தான். ஒரே காசு, இரண்டு பங்கு. பட்டறைக்காரன் புத்தி வேறு எங்கே போகும்? காசைக் கல்லில் வைத்து உளியை ஊன்றினான்.

"வெட்டாதீங்ணா. அந்த ஒத்தக் காசு இங்கிருக்கற அத்தனைக்கும் மேல போகும்."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை.

"அப்ப அம்மாளுக்குன்னு நீ வாயை மூடிட்டு இருந்ததெல்லாம் உனக்குத்தானாடா?"

பதில் சொல்ல அவன் விடவில்லை. சுத்தியலை ஓங்கினான். நான் காசின் மேல் கையைப் போட்டேன். முதல் அடி என் ஆள்காட்டி விரலில் விழுந்து எலும்பு நொறுங்கியது. கையை உதறிய இடைவெளியில் அடுத்த அடி உளியில் விழுந்து காசு இரண்டாகப் போனது. பக்கத்தில் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். முன்பல் இரண்டு கீழே விழுந்த பிறகும் அவன் என் கழுத்தை விடவில்லை. பட்டறை ஆட்கள் வந்து எங்களைப் பிய்த்து எடுத்தார்கள்.

அம்மா குனிந்து ரத்தத்தில் கிடந்த துண்டுகளை எடுத்துச் சேலையில் துடைத்து, ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைத்தாள்.

"நான் போனா ரெண்டு பேரும் கொண்டாந்து ஒட்டுங்க சாமி. ஒட்டுனா ஒரே காசாத் தெரியோணும்."

அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. என் விரலில் நகம் முளைக்கவே இல்லை. அவன் தன் பாதியை உருக்கியிருப்பான், மூதேவி, என்று நினைத்து நினைத்து வயிறெரிவேன்.

போன மாதம் அம்மாவுக்கு மூச்சு முட்டி அக்கம்பக்கத்தார் நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போன் வந்ததும் அலறியடித்து ஓடினேன். அண்ணன் எனக்கு முன்பே கட்டில் அருகே நின்றிருந்தான். அம்மாவின் கண் மூடியிருந்தது, மார்பு அசைந்த மாதிரி தெரியவில்லை. அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டான். நானும் விட்டேன். இருவர் கையிலும் பாதிப் பாதிக் காசு.

அம்மா கண்ணைத் திறந்து முதலில் அவன் கையைப் பார்த்தாள், அப்புறம் என் கையை.

"மாத்திரை வாங்கீட்டு வருவீங்கன்னு இருந்தேன்," என்றாள்.